கொரியக் குழந்தையின் முதல் பிறந்தநாள்

குழந்தை பிறந்து ஓராண்டு நிறைவுறும் நாள் பெற்றோர்க்குப் பெருமகிழ்ச்சி தரும் நாளாகும். அந்நாளை ஒவ்வொரு நாட்டினரும் தத்தம் வழக்கப்படி கொண்டாடுகின்றனர். ஆசியாவின் கிழக்குக் கோடியிலுள்ள கொரிய நாட்டில் இவ்விழா தனிச் சிறப்புடன் நடைபெறுகின்றது. முதலாண்டு நிறைவைக் கொரியர் 'தொல்' என்பர். அன்று நிகழும் விருந்து விழாவைத் 'தொல்ஜாஞ்சி' என்பர்.

இவ்விழாவிற்கு இத்துணைச் சிறப்பு வந்ததன் காரணம் யாது? அம்மை முதலிய கொடு நோய்களைத் தடுக்கும் வழி அறியப்படாத காலத்தில், பிறந்த குழந்தைகளுட் பல ஓராண்டு நிறையுமுன்பே மாண்டன. தாய்மார் ஒவ்வொரு நாளையும் அச்சத்தோடு கழித்தனர். ஆகவே, குழந்தை நூறு நாள் கடந்தால் ஒரு விழா; ஓராண்டு கடந்தால் அதனினும் பெரிய விழா. 'பிழைத்துக்கொண்டது' என்ற நிம்மதியே இவ்விழாவின் வித்தாகும்.

நூறாம் நாளில் அரிசி மாவை ஆவியில் வேகவைத்து வெண்ணிறப் பண்டம் செய்வர். அதனை நூறு வீட்டார்க்குப் பகிர்ந்தளித்தால் குழந்தை நெடுநாள் வாழும் என்பது அவர்தம் நம்பிக்கை. பண்டத்தைப் பெற்றுக்கொண்டவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. நீண்ட ஆயுளைக் குறிக்கும் நூலையோ, செல்வத்தைக் குறிக்கும் அரிசியையோ அதில் இட்டு அனுப்புவர். ஊரார் அனைவரும் ஒரு குழந்தைக்காக வாழ்த்துக் கூறும் இவ்வழக்கம் எத்துணை இனியது!

தொல் நாளன்று காலையில், குழந்தையைக் காக்கும் தெய்வமாகிய 'சம்சின்' பாட்டிக்குச் சோறும் கடற்பாசிக் குழம்பும் படைத்து வணங்குவது பண்டை மரபு. மகப்பேறு முடிந்த தாய்க்கு வலிமை தருவதற்காக அளிக்கப்படும் உணவும் இக்குழம்பேயாகும். அதனாற்றான் கொரியர் வளர்ந்த பின்னரும் தம் பிறந்தநாள்தோறும் இதனை உண்கின்றனர். உண்ணும்போதெல்லாம் அன்னையின் துன்பம் நினைவுக்கு வருமன்றோ?

குழந்தைக்கு 'ஹன்பொக்' என்னும் மரபுடையை அணிவிப்பர். அதன் கைகளில் பல வண்ணப் பட்டுத் துண்டுகள் வானவில்போல் வரிவரியாக இணைக்கப்பட்டிருக்கும். இடையில் நீண்ட கச்சையும், நற்பேற்றைக் குறிக்கும் சிறு பட்டுப் பையும் தொங்கும். தலையில் குல்லாயும் உண்டு.

பின்னர், குழந்தையை ஒரு மேசையின்முன் அமர்த்துவர். மேசையில் வெண்ணிற அரிசிப் பண்டம் தூய்மையைக் குறிக்கும். சோள மாவில் உருட்டிச் சிவப்புப் பயற்றுப் பொடியில் புரட்டிய உருண்டைகளும் இருக்கும். செந்நிறம் தீமையை விரட்டும் என்று முன்னோர் கருதினர். இலந்தைப் பழங்கள் சந்ததி பெருகுவதற்கு அடையாளமாகும்.

இனி விழாவின் சுவைமிக்க பகுதிக்கு வருவோம். இதனைத் 'தொல்ஜாபி' என்பர். குழந்தையின் எதிரே நூற்கண்டு, அரிசி, பணம், நூல், எழுதும் தூரிகை ஆகியவற்றைப் பரப்பி வைப்பர். முற்காலத்தில் ஆண் குழந்தையாயின் வில்லும் அம்பும், பெண் குழந்தையாயின் அளவுகோலும் கத்தரிக்கோலும் வைத்தனர். அனைவரும் ஆவலோடு நோக்கியிருக்கக் குழந்தை கை நீட்டும். நூற்கண்டைப் பற்றினால் நீடு வாழும்; தூரிகையையோ நூலையோ எடுத்தால் கல்வியிற் சிறக்கும்; பணத்தையோ அரிசியையோ எடுத்தால் செல்வம் பெறும் என்று கூறி மகிழ்வர்.

அரண்மனையிலும் இவ்வழக்கம் இருந்தது. 1791ஆம் ஆண்டில் மன்னர் சொங்ஜோவின் மகனுக்கு இவ்விழா நிகழ்ந்தது. அவ்விளவரசன் முதலில் வண்ண நூலைப் பற்றினான். அவனே பின்னர்ச் சுஞ்ஜோ என்னும் பெயரில் 1800ஆம் ஆண்டில் அரியணை ஏறினான். 1834இல், நாற்பத்து நான்காம் அகவையில் மறைந்தான். நூலைப் பற்றியோர் யாவரும் நெடுநாள் வாழ்வதில்லை என்பதற்கு இதுவே சான்றாகும். தொல்ஜாபி வருவதுரைக்கும் கலையன்று. பெரியோர் தம் விருப்பத்தை வெளியிடும் விளையாட்டேயாகும்.

காலத்திற்கேற்ப இவ்விருப்பங்களும் மாறியுள்ளன. இக்காலத்தில் மருத்துவரின் ஸ்டெதஸ்கோப், நீதிபதியின் சுத்தியல், பாடகரின் ஒலிவாங்கி, பந்து ஆகியவையும் மேசையில் இடம்பெறுகின்றன. ஆண், பெண் என்ற வேறுபாடும் மறைந்து வருகின்றது. விருந்தும் பெரும்பாலும் மண்டபங்களிலும் உணவகங்களிலும் நடைபெறுகின்றது.

தென் கொரியாவில் உற்றார் உறவினர் குழந்தைக்குப் பொன் மோதிரம் பரிசளிப்பர். ஒரு 'தொன்', அதாவது 3.75 கிராம், அதன் வழக்கமான எடையாகும். இம்மோதிரத்தை விற்காமல் நினைவாகப் போற்றுவர். ஆனால், 1997ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பு வற்றி, பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்கும் நிலை உண்டாயிற்று. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், பொன்னைத் திரட்டி வெளிநாட்டில் விற்றுக் கடனடைக்க உதவுமாறு மக்களுக்கு வேண்டுகோள் விடுக்கப்பட்டது. ஏறத்தாழ 35 இலட்சம் பேர் வரிசையில் நின்று, சுமார் 227 டன் பொன்னைக் கொடுத்தனர். அதற்குரிய விலையை உள்நாட்டு நாணயத்திற் பெற்றனர் எனினும், நினைவுப் பொருளுக்கு விலை ஏது? திருமண மோதிரங்களோடு குழந்தைகளின் தொல் மோதிரங்களும் அங்கே உருகின.

இன்று நோய்கள் பெரிதும் அடங்கிவிட்டன. அந்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டுக்குள் இறப்பவை மூன்றினும் குறைவு. ஆயினும், புதியதொரு கவலை தோன்றியுள்ளது. 1970ஆம் ஆண்டில் அங்குப் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ பத்து இலட்சம். 2023இல் பிறந்தவையோ 2,30,000 மட்டுமே. அன்று, பிறந்த குழந்தை பிழைக்குமோ என்று அஞ்சினர். இன்று, குழந்தைகள் பிறப்பதே அரிதாயிற்றே என்று வருந்துகின்றனர்.

அதனால் தொல் விழாவின் அருமை முன்னினும் மிகுந்துள்ளது. குழந்தை எப்பொருளை எடுப்பினும் சுற்றியிருப்போர் கைகொட்டி மகிழ்கின்றனர். எதனைப் பற்றினாலும் அதில் ஒரு நன்மையைக் காணும் அவ்வன்பே, குழந்தை அன்று பெறும் பரிசுகளுள் தலையாயதாகும்.

வினாக்கள்

1. நூறாம் நாளில் பண்டம் பெற்றோர் பாத்திரத்தை எவ்வாறு திருப்பி அளிப்பர்? ஏன்?
2. தொல்ஜாபி வருவதுரைக்கும் கலையன்று என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. 1998ஆம் ஆண்டில் தொல் மோதிரங்கள் நாட்டிற்கு உதவியது எங்ஙனம்?
4. உங்கள் ஊரில் குழந்தையின் முதல் பிறந்தநாளை எவ்வாறு கொண்டாடுகின்றனர் என்பது குறித்துப் பத்து வரிகள் எழுதுக.