இராத்தலும் கிலோகிராமும்: நிறையை மாற்றும் முறை

இராத்தலைக் கிலோகிராமாக மாற்ற விரும்புவோர் முதற்கண் மனத்தில் இருத்த வேண்டிய எண் ஒன்றே. 1959-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஆறு தேசங்கள் ஒப்பிய வரையறைப்படி, ஓர் இராத்தல் என்பது 0.45359237 கிலோகிராம். நித்திய வியவகாரத்துக்கு 0.4536 என்று கொண்டாலே போதும். இராத்தலில் பதினாறில் ஒரு பங்கு அவுன்ஸ்; அது 28.35 கிராம். பதினான்கு இராத்தல் கொண்டது ஸ்டோன்.

மனக்கணக்காகச் செய்ய வேண்டின், இராத்தலின் தொகையைப் பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுக. ஆங்கிலேயர் ஒருவர் தம் உடல் நிறை 11 ஸ்டோன் 4 இராத்தல் என்று சொன்னால், 11-ஐ 14-ஆல் பெருக்கி, 4-ஐக் கூட்டி, 158 இராத்தல் என்று ஆக்கிக்கொண்டு, அதன் பாதியாகிய 79-இலிருந்து 7.9-ஐக் கழிக்க, 71.1 கிலோகிராம் கிடைக்கிறது. இம்முறை எப்போதும் சற்றுக் குறைத்தே காட்டுமாதலால், சூக்ஷ்மமான விடையை நாடுவோர் நூற்றுக்கு 0.8 வீதம் சேர்த்துக்கொண்டால், 71.67 என்ற சரியான விடையையே அடைவார்கள். கிலோகிராமை இராத்தலாக்குவதற்கோ, இரட்டித்துப் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுக: 70 கிலோகிராம், 140-உடன் 14 சேர்ந்து, 154 இராத்தல் ஆகிறது. நூறு கிலோகிராமுக்கு அரை இராத்தல் வீதம் மேலும் கூட்டினால் குறை தீரும்.

பெரும்பாலோர் இடறுவது அவுன்ஸில்தான். ஆதலால் இதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் நிறை 7 இராத்தல் 6 அவுன்ஸ் என்று செய்தி வந்தால், அதை 7.6 இராத்தல் என்று எழுதிவிடலாகாது; தசமத்தில் பத்துக்கு ஒரு ஸ்தானம் ஏறுகிறது, இங்கோ பதினாறு சேர்ந்தால்தான் ஒன்று ஏறும். ஏழைப் பதினாறால் பெருக்கி ஆறைக் கூட்டினால் 118 அவுன்ஸ், அதனை 28.35-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3,345 கிராம். எதிர்த்திசையிலும் இவ்வாறே: 3.2 கிலோகிராம் என்பது 7.055 இராத்தல், புள்ளிக்குப் பின்னுள்ள 0.055-ஐ மட்டும் பதினாறால் பெருக்க 0.88 வருகிறது, ஆகவே விடை 7 இராத்தல், ஏறக்குறைய 1 அவுன்ஸ்.

சமையற் புத்தகங்கள் சில, அவுன்ஸை 30 கிராம் என்றே வைத்துக்கொள்கின்றன. ஓரிரண்டு அவுன்ஸ் வெண்ணெய்க்கு இது பாதகமில்லை. இரண்டு இராத்தல் மாவை இப்படி அளந்தாலோ ஐம்பது கிராமுக்கு மேல் மிகுந்துவிடும். முழு எண்ணாக்குவதைக் கணக்கின் இறுதியில் ஒரே முறை செய்வதே என் திடமான அபிப்பிராயத்தில் உத்தமமான வழி.

ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அளவையின் பெயரையும் எழுதுக. 1983-ஆம் ஆண்டு ஜூலையில், மான்றியலிலிருந்து எட்மன்டன் சென்ற கனடிய விமானத்துக்கு எரிபொருளைக் கணக்கிட்டவர்கள், லிட்டரை நிறையாக்கும்போது, கிலோகிராமுக்குரிய எண்ணை விட்டு, இராத்தலுக்குரிய 1.77-ஐக் கையாண்டமையால், வேண்டியதில் பாதிக்கும் குறைந்த எரிபொருளோடு அது புறப்பட்டு, நடுவானில் எஞ்சின்கள் ஓய்ந்து, விமானிகளின் சாமர்த்தியத்தால் கிம்லி என்னும் ஊரில் உயிர்ச்சேதமின்றி இறங்கியது.

பொன், வெள்ளி விலைகளில் வரும் அவுன்ஸ் வேறு. அது டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். பத்து டிராய் அவுன்ஸ் பொன்னைச் சாதாரண அவுன்ஸாகக் கருதிக் கணக்கிடுவோர் 27 கிராமுக்கு மேல் இழப்பர். ஆகையால் விலைப்பட்டியலில் எந்த அவுன்ஸ் என்பதை விசாரித்த பின்னரே பெருக்கத் தொடங்குக.