மதிப்பிட வந்தவரே திருடினால்?

கேள்வி: ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையை மதிப்பீட்டாளரே களவாடிவிட்டால் என்ன செய்வது?
– முனைவர் பட்ட மாணவி ஒருவர்

பதில்: பயம் நியாயமானதே, நடந்திருக்கிறது. அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டான்சிங்கர் குழுவின் கட்டுரையை ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ ஏற்க மறுத்தது. அதை மதிப்பீட்டுக்காகப் படித்தவரே, இல்லாத ஐரோப்பிய நோயாளிகளைக் கற்பனையாகச் சேர்த்து, தன் கட்டுரையாக வேறு இதழில் வெளியிட்டார். 2016இல் அது திரும்பப் பெறப்பட்டது. 

மதிப்பீட்டுக்கு வரும் கைப்பிரதி நம்பி ஒப்படைத்த பொருள்; பதிப்பாசிரியரைக் கேட்காமல் மதிப்பீட்டாளர் அதைத் தன் மாணவரிடம்கூடக் காட்டக் கூடாது. ஆனாலும் பாதுகாப்புக்கு, நீங்கள் கட்டுரையை முன்பதிப்பு (preprint) தளத்தில் தேதியோடு பதிவேற்றிவிட்டு இதழுக்கு அனுப்புங்கள்; அது உங்களுடையது என்பதற்குச் சான்றாக இருக்கும். முன்பதிப்பில் வந்த கட்டுரையை அந்த இதழ் ஏற்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள்.