வாழைக்கன்றுப் போக்குவரத்தும் முடிக்கொத்து நோயும்

வாழை பக்கக்கன்றினால் பயிராவது. ஆகவே தாய்மரத்தின் குணத்தோடு அதன் நோயும் கன்றைத் தொடர்ந்து செல்லும். கன்று வாங்கும் குடியானவர்கள் கிழங்கின் பருமனையும் விலையையும் நோக்குகிறார்கள். அது எந்தத் தோட்டத்தில் பெயர்க்கப்பட்டது என்று விசாரிப்பவர் சிலரே.

முடிக்கொத்து நோய் கண்ட வாழையில் புதிய இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாகக் கூடி நிற்கும். இலைக்காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் காணும். இளமையில் பீடிக்கப்பட்ட மரம் குலை தள்ளுவது அரிது. நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அதை மரத்துக்கு மரம் கொண்டு செல்வது மட்டையிடுக்குகளில் அடையும் அசுவினிப் பூச்சி. மண்ணாலும் அரிவாளாலும் அது பரவுவதில்லை. அசுவினி பெரும்பாலும் அண்டை மரங்களையே நாடும். கடல் கடந்தும் மலை கடந்தும் நோயை எடுத்துச் செல்பவை கன்றுகளே. நோய் புகுந்த மரம் குறி காட்டச் சாதாரணமாக ஒரு மாதத்துக்கு மேற்படும். அவ்விடைக்காலத்தில் எடுத்த கன்று பார்வைக்குக் குற்றமற்றதாகவே சந்தைக்கு வரும். ஆதலால் வண்டியில் வந்திறங்கிய கன்றைப் பரீட்சிப்பதைவிட, அது புறப்படும் தோட்டத்தைப் பரீட்சிப்பதே பயன் தரும்.

ஆஸ்திரேலியாவில் இந்நோய் 1913ஆம் வருஷ வாக்கில் பிஜித் தீவுக் கன்றுகளோடு புகுந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நியூ சவுத் வேல்ஸ் வடபகுதியில் வாழைத்தோட்டங்கள் பெரும்பாலும் பாழாயின. அசுவினியும் நோயுற்ற கன்றுமே இதற்குக் காரணமென்று மகீ என்னும் ஆராய்ச்சியாளர் 1927இல் விளக்கினார். பின்னர் அனுமதியின்றிக் கன்று நடலாகாதென்றும், நோய் கண்ட மரத்தை உடையவரே அழிக்க வேண்டுமென்றும் விதிகள் ஏற்பட்டன. பரிசோதகர்கள் தோட்டந்தோறும் சென்றனர். வாழைத்தொழில் மீண்டும் தலையெடுத்தது. நோயைத் தீர்க்கும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இலங்கையில் 1913இலும், கோட்டயத்தில் 1940இலும் இந்நோய் காணப்பட்டது. பின்னர் தமிழ்நாட்டின் கீழ்ப்பழனி மலையில் பேர்பெற்ற விருப்பாட்சி மலைவாழையை அது பெரிதும் குறைத்துவிட்டது. 1914ஆம் ஆண்டின் இந்தியப் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ், நோய் கண்ட தமிழ்நாடு, கேரளம் முதலிய மாநிலங்களிலிருந்து வாழைக்கன்றுகளைப் பிற மாநிலங்களுக்கு அனுப்புவது தடை செய்யப்பட்டது. சிப்பத்துக்குச் சுற்றும் சருகும் மட்டையும்கூட அத்தடையில் அடங்கின, பழம் அடங்கவில்லை. ஆயினும் ஒரு மாநிலத்துக்குள்ளேயே ஊர்விட்டு ஊர் செல்லும் கன்றை இத்தடை தொடாது. அங்கே காவல் தோட்டத்தை உடையவரிடமே உள்ளது.

திசு வளர்ப்புக் கன்று என்றதும் ஐயமின்றி வாங்குவோர் உண்டு. தாய்க்கிழங்கு சோதிக்கப்படாவிடில் அதுவும் வைரஸைச் சுமந்தே வளரும். இத்தகைய கன்றுகளுக்கு 2006 முதல் மத்திய சர்க்காரின் சான்றளிப்பு முறை உண்டு; சான்றைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

தோட்டத்தில் நோய்மரம் தென்பட்டால் அவசரப்பட்டு வெட்டலாகாது. வெட்டிய மரத்தை விட்டு அசுவினிகள் பக்கத்து மரங்களில் ஏறும். முதலில் பூச்சிமருந்து தெளித்து அவற்றைக் கொன்று, பிறகே கிழங்கோடும் பக்கக்கன்றுகளோடும் குத்து முழுவதையும் தோண்டித் துண்டாக்க வேண்டும். கிழங்கின் துண்டு மண்ணில் எஞ்சினால் அதிலிருந்து முளைக்கும் கன்றும் நோயோடுதான் எழும்.