86,412-ல் நின்ற மீட்டர்

வேப்பனப்பள்ளியில் 1998 மாடல் மாருதி 800 ஒன்று இன்னும் ஓடுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டமே 2004-ல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஆக, மாவட்டத்தைவிட ஆறு வயது மூத்த வண்டி. வைத்திருப்பவர் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். கம்பெனி பஸ் இருப்பதால் கார் வாரக் கடைசிக்கும் கல்யாணம் காரியத்துக்கும் மட்டும். பெயர் வேண்டாம். இதை எழுதும் கையும் அவருடையதுதான் என்பதால் சில இடங்களில் அவருக்குச் சலுகை காட்டப்பட்டிருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

ஒருநாள் பேரிகை போய்த் திரும்பும்போதுதான் கவனித்தார். முள் நாற்பதில் ஆடிக்கொண்டிருந்தது. கிலோமீட்டர் எண் மட்டும் 86,412-லேயே உட்கார்ந்திருந்தது. எத்தனை நாளாக அப்படி என்று அவருக்கே தெரியாது.

முள் ஓடுகிறது, எண் ஓடவில்லை. வைத்தியம் முழுக்க இந்த ஒரு வரியில் இருந்தது. அன்றைக்கு அது அவருக்கும் தெரியாது, காசு வாங்கிய மெக்கானிக்குக்கும் தெரியாது.

பழைய வண்டிகளில் கியர்பாக்ஸிலிருக்கும் ஒரு சின்னப் பல்சக்கரம் மீட்டர் கேபிளைச் சுழற்றுகிறது. கேபிளின் மறுமுனை டேஷ்போர்டுக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றவைக்கிறது. காந்தம் பக்கத்திலுள்ள அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும், ஒரு சுருள்வில் அதைப் பிடித்து வைக்கும். இந்த இழுபறியில் முள் நிற்கும் இடம்தான் வேகம். பெர்லினில் ஓட்டோ ஷூல்ட்சே 1902-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. எண் சக்கரங்களையும் அதே கேபிள்தான் திருப்புகிறது, ஆனால் தனிப் பல்சக்கரங்கள் வழியாக. ஜப்பானியக் கணக்கில் கேபிள் 637 சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர். முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்றால் கேபிளையோ கியர்பாக்ஸையோ பார்க்கலாம். எண் மட்டும் நின்றால் கேபிள்மேல் ஒரு குற்றமும் இல்லை, மீட்டருக்குள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

மெக்கானிக் கேபிளை மாற்றினார். 450 ரூபாய், கூலி தனி. அந்த வேலையைப் பற்றி எழுத அதிகமில்லை: கேபிளை எங்கும் மடங்கவிடக் கூடாது, மேல்முனையில் இரண்டு விரற்கடைக்குக் கிரீஸ் தடவக் கூடாது, தடவினால் ஏறி மீட்டருக்குள் போய்விடும். புதுக் கேபிளோடு முள் முன்பைவிட அழகாக ஓடியது. எண் அசையவில்லை.

“மீட்டரையே மாத்திடலாம்ணா. பெங்களூர்ல பழசு கெடைக்கும்.”

மைத்துனர் வேறு பக்கத்தில் நின்றிருந்தார். “இதுக்குப் பண்ற செலவுக்கு எடைக்குப் போட்டா லாபம் மாமா.” ஆர்.சி. 2013-ல் புதுப்பித்து, 2018-ல் புதுப்பித்து, 2023-லும் புதுப்பித்த வண்டி அது. ஒவ்வொரு முறையும் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டி வாங்கிய ஐந்தாண்டுகள். தவணையில் புதுக் கார் எடுத்த மைத்துனருக்கு இதெல்லாம் புரியாது. அவருடைய காரில் மீட்டர் நின்றால் கழற்றிப் பார்க்கவும் முடியாது. கேபிளே கிடையாது, எல்லாம் சென்சார்.

பெங்களூரிலிருந்து பழைய மீட்டர் வந்தது. 1,800 ரூபாய். மாட்டியதும் எண் ஜம்மென்று ஓடியது. அதில் அப்போது இருந்த எண் 31,907.

இங்கேதான் அவர் கவிழ்ந்தார். மற்ற செலவுகளை எல்லாம் அவர் மறந்துவிட்டார், இதை மறக்கவில்லை. பழைய மீட்டரில் நின்ற எண்ணைப் போனில் ஒரு படம் எடுக்கவில்லை. பில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘86,412-ல் நின்ற மீட்டர் கழற்றப்பட்டது, 31,907 உள்ள மீட்டர் மாட்டப்பட்டது’ என்று தேதி போட்டு ஒரு வரி எழுதி வாங்கியிருக்கலாம். போதாக்குறைக்கு, கழற்றிய மீட்டரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். ‘ஓடாத சாமான் நமக்கெதுக்கு’ என்று அவரே சொன்னதாக மெக்கானிக் பிற்பாடு சொன்னார். சொல்லியிருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவர் அல்லவா எடுத்துப் போகச் சொல்லியிருக்க வேண்டும்?

சில மாதம் கழித்து வண்டியை விற்கிற எண்ணம் வந்தது. தங்கவயல் பக்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவர். இந்த எல்லையில் அது அதிசயமில்லை. பானெட்டைத் தூக்கினார், டயரை உதைத்தார், பிறகு கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருந்த ஆயில் சர்வீஸ் சீட்டைக் குனிந்து படித்தார். சீட்டில் பால்பாயிண்ட் பேனாவில் ‘அடுத்த ஆயில் 87,000’. மீட்டரில் 34,257.

“ஏன் சார், உங்க ஊர்ல வண்டி பின்னாடியே ஓடுமா?”

பஸ் ஸ்டாப் எதிரே நடந்த பேச்சு. பாதி ஊர் கேட்டது. மீட்டர் மாற்றிய கதையை இவர் சொல்லச் சொல்ல, அது கதை மாதிரியே இருந்தது. படமில்லை, பில்லில்லை, பழைய மீட்டரில்லை. கடைசியில் அவர் 18,000 ரூபாய் குறைத்துக் கேட்டார். இவர் கோபத்தில் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் இப்போது மனம் வரவில்லை. அந்த இடத்தில் யார் நின்றாலும் அதையேதான் கேட்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் 1972-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். பழுதுபார்த்த பிறகு பழைய எண்ணைக் கொண்டுவர முடியாவிட்டால் மீட்டரைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். முன்பிருந்த எண்ணும் மாற்றிய தேதியும் எழுதிய அறிவிப்பை இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். ரோமானியப் பொறியாளர் விட்ரூவியஸ் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் விவரித்த தூரமானியில் சக்கரம் 400 சுற்று சுற்றினால் ஒரு மைல், மைலுக்கு ஒரு கூழாங்கல் பாத்திரத்தில் விழும். அந்தக் காலத்திலும் வண்டியை விற்கும் முன் நாலு கல்லை எடுத்து வீசியவர்கள் இருந்திருக்க மாட்டார்களா என்ன!

மறுநாளே மெக்கானிக் கடைக்குப் போனார். நல்ல காலம், பழைய மீட்டர் பெஞ்சுக்கு அடியில் ஒரு பெயிண்ட் டப்பாவில் கிடந்தது. அதையும் பெங்களூர் மீட்டரையும் எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் போனார். டைட்டன் தொழிற்சாலை உள்ள ஊர் என்பதால் ஓசூரில் கைக்கடிகாரம் பார்க்கிறவருக்குப் பஞ்சமிருக்காது என்பது அவர் கணக்கு. கிடைத்தவர் அப்பாவிடம் தொழில் பழகிய ஒரு பெரியவர். முதலில் “இது என் வேலையில்ல தம்பி” என்றார். பிறகு கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு முள்ளைத் தொடாமல் பின்பக்கமாகத் திறந்தார். ஊசிமுனையால் காட்டினார்: பட்டாணி அளவு வெள்ளை நைலான் சக்கரம். பல்லெல்லாம் இருந்தன. நடுவில் மயிரிழை வெடிப்பு. தண்டு சுற்றும்போது சக்கரம் கூடச் சுற்றாமல் வழுக்கிக்கொண்டிருந்தது.

பெங்களூர் மீட்டரைத் திறந்து அதே சக்கரத்தை உருவி இதில் போட்டார். 1,800 ரூபாய் கொடுத்து வாங்கியதில் இவருக்குத் தேவைப்பட்டது அந்தப் பட்டாணிதான். கூலி 250.

எண்ணை எங்கே வைப்பது என்றும் பெரியவரே கேட்டார். 31,907-லிருந்து 34,257 வரை ஓடியது 2,350. அதை 86,412-உடன் கூட்டி 88,762-ல் வைத்தார்கள். இந்த முறை படம், தேதி, கையெழுத்து எல்லாம் உண்டு. கதவுத் தூணில் ஆயில் சீட்டுக்குப் பக்கத்தில் அமெரிக்கப் பாணியில் இவரே ஒரு சீட்டும் எழுதி ஒட்டினார்.

மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, தேசிய நெடுஞ்சாலை 44-ல் சூளகிரிப் பக்கம் கிலோமீட்டர் கல் பார்த்து ஓட்டினார். இதை எல்லோரும் செய்து பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு முன் போய்விட வேண்டும், அப்புறம் லாரிகள் விடாது. பத்துக் கல் தாண்டியபோது மீட்டர் காட்டியது ஒன்பதரை.

பெரியவர்மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து டயரைப் பார்த்ததும் அடங்கியது. வண்டிக்கு உரியது 145/70 ஆர்12. பள்ளம் மேட்டில் அடி தட்டாமலிருக்க, சில ஆண்டுகளுக்கு முன் இவரே கேட்டு மாட்டியது 145/80. விட்டம் 508 மில்லிமீட்டரிலிருந்து 537-க்கு ஏறியிருந்தது. டயர் பெரிதானால் அதே தூரத்துக்குச் சக்கரம் குறைவாகச் சுற்றும், மீட்டரும் குறைவாகவே எண்ணும். டயர் மாற்றியபோது மீட்டர் 76,000 சொச்சம். அன்றிலிருந்து கணக்கில் வராமல் போனது ஏறத்தாழ 730 கிலோமீட்டர். எண் நின்றிருந்தது தெரியாமல் ஓட்டிய நாட்கள் வேறு.

சீட்டில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறது. 730-ஐ எழுதுவதா, ‘தோராயமாக’ என்று மட்டும் போடுவதா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். மைத்துனர் வருவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.