கணினி அறிவியலும் தகவல் தொழில்நுட்பமும்

முன்னுரை

நெமிலிச்சேரிக்கு அடுத்த ஊராகிய பட்டாபிராமில் 21 மாடிகளுடன் டைடல் பூங்கா ஓங்கி நிற்கிறது. சுமார் 330 கோடி ரூபாய்ச் செலவில் எழுப்பப்பெற்ற அக்கட்டடம் 2024 நவம்பரில் திறக்கப்பெற்றது. "பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்துவிட்டால் போதும், வேலை வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்" என்று நம் பகுதிப் பெற்றோர் பேசிக்கொள்வதைக் கேட்கிறோம். ஆனால் கம்ப்யூட்டர் படிப்பு என்பது ஒரே படிப்பன்று. கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம் என அதில் இரு துறைகள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்துப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கப் போகும் எங்களுக்கும், எங்களுக்குப் பின் வரும் தங்கையருக்கும் இவ்வேறுபாடு தெரிந்திருத்தல் மிகவும் அவசியம்.

கணினி அறிவியல்

கணக்கிடுதல் என்றால் என்ன, எதைக் கணக்கிட முடியும், அதை எத்தனை படிகளில் செய்து முடிக்கலாம் என்று ஆராய்வது கணினி அறிவியல். இது கணிதத்தின் வயிற்றில் பிறந்த குழந்தை. இன்றைய மின்னணுக் கணினி தோன்றுவதற்கு முன்பே, 1936-ல், ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயர், எந்த இயந்திரத்தாலும் விடை காண முடியாத கேள்விகள் உண்டு என்று நிறுவினார். எந்திரம் வருவதற்கு முன்னரே அறிவியல் வந்துவிட்டது!

ஓர் எளிய உதாரணம் காண்போம். அகர வரிசையில் 1,000 மாணவியரின் பெயர்கள் எழுதிய பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெயரைத் தேட வேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் 1,000 பெயர்களையும் பார்க்க நேரலாம். மாறாக, நடுவிலுள்ள பெயரைப் பார்த்து, நாம் தேடுவது அதற்கு முன்னே வருமா பின்னே வருமா என்று தீர்மானித்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதியிலும் அவ்வாறே செய்தால் 10 முறை பார்ப்பதற்குள் பெயர் கிடைத்துவிடும். பத்து லட்சம் பெயர்கள் இருந்தாலும் 20 முறை போதும். இத்தகைய வழிமுறைகளைக் கண்டுபிடித்து, அவை சரியானவை என்று நிறுவுவதே கணினி அறிவியலாரின் பணி.

1956-ல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு நாட்டு அறிஞர், இரு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய பாதையைக் காணும் முறையை ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து, காகிதமும் பென்சிலும் இன்றி, சுமார் 20 நிமிடங்களில் மனத்திலேயே வகுத்தார். 1959-ல் அது அச்சில் வந்தது. நெமிலிச்சேரியிலிருந்து வண்டலூர் செல்ல எந்தச் சாலை குறுக்கு வழி என்று கணினியைக் கேட்கும்போது, அத்தகைய சிந்தனையே நமக்குப் பாதை காட்டுகிறது.

தகவல் தொழில்நுட்பம்

தகவலைச் சேர்த்து, பாதுகாத்து, வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில் கொண்டு சேர்ப்பது தகவல் தொழில்நுட்பம். இப்பெயர் 1958-ல் ஓர் அமெரிக்க இதழில் வெளியான கட்டுரையால் வழக்கில் பரவத் தொடங்கியது.

மேற்சொன்ன பதிவேட்டையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அதை எந்தக் கணினியில் வைப்பது? மின்சாரம் நின்றால் என்ன செய்வது? மதிப்பெண்களை யார் யார் பார்க்கலாம்? கணினி பழுதானால் நகல் எங்கே இருக்கும்? அலுவலகத்தாருக்கு அதைக் கையாளக் கற்றுக்கொடுப்பவர் யார்? இக்கேள்விகளுக்கெல்லாம் விடை தருபவர் தகவல் தொழில்நுட்ப வல்லுநர்.

நம் ரயில்வேயின் முன்பதிவு ஏற்பாடு இதற்குத் தக்க சான்று. ரயில்வே தகவல் அமைப்பு மையம் 1986-ல் நிறுவப்பெற்றது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் 1999-ல் ஒன்றோடொன்று இணைக்கப்பெற்றன. அதன் பயனாகச் சென்னையில் நின்றுகொண்டே தில்லியிலிருந்து புறப்படும் வண்டிக்கு இடம் பெற முடிந்தது. ஓர் இருக்கையை இருவருக்குக் கொடுத்துவிடாமல் இருக்கும் வழிமுறை கணினி அறிவியல். அம்முறையை இரவும் பகலும் தடையின்றி நாடெங்கும் நடத்துவது தகவல் தொழில்நுட்பம்.

நம் நாட்டில் வளர்ந்த விதம்

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய டிப்ராக் கணினி 1960-ல் இயங்கத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370 கணினி வந்தது. தரமணியில் டைடல் பூங்கா 2000-ல் திறக்கப்பெற்றது. ஆராய்ச்சிக்கூடத்தில் முளைத்த விதை பிறகு தொழிலாகத் தழைத்ததை இவ்வாண்டுகள் காட்டுகின்றன.

இரு முன்மாதிரிகள்

அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் 1965-ல் அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஒரு கன்னியாஸ்திரி என்பது நமக்குப் பெருமையன்றோ! பின்னர் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, 20 ஆண்டுகள் தலைமையேற்று நடத்தினார்.

புனித கார்லோ அக்குதிஸ் இத்தாலியில் வளர்ந்த சிறுவர். நற்கருணை அற்புதங்களைத் திரட்டி, இணையத்தின் வழியே உலகறியச் செய்தார். 2006-ல் எங்கள் வயதாகிய 15-லேயே இறைவனடி சேர்ந்தார். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். முன்னவர் அறிவியலை வளர்த்தார். பின்னவர் தொழில்நுட்பத்தை நற்செய்திக்குப் பயன்படுத்தினார். இரண்டில் எது உயர்ந்தது என்று யாரால் கூற முடியும்?

தேர்ந்தெடுக்கும் வேளையில்

மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் என்னும் பாடம் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், வேதியியலோடு அமைகிறது. கணினிப் பயன்பாடுகள் என்னும் பாடம் வணிகவியல், கணக்குப்பதிவியலோடு அமைகிறது. இரண்டிலும் 'கணினி' என்ற சொல் இருப்பதைக் கண்டு ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. பொறியியல் படிக்க விரும்பும் மாணவி கணிதப் பிரிவையே எடுக்க வேண்டும். வணிகப் பிரிவு மாணவியருக்குப் பி.சி.ஏ. போன்ற பட்டப்படிப்புகள் உண்டு. அவ்வழியாகவும் இத்துறையில் முன்னேறலாம். ஆழம் தெரியாமல் காலை விடலாகாது.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியலுக்கு பி.இ. பட்டமும், தகவல் தொழில்நுட்பத்துக்கு பி.டெக். பட்டமும் வழங்கப்பெறுகின்றன. நிரல் எழுதுதல், தரவுத்தளம், வலைப்பின்னல் முதலிய பாடங்கள் இரண்டுக்கும் பொது. ஒன்று மேல், மற்றது கீழ் என்பது வீண் பேச்சு. "ஏன் இப்படி நடக்கிறது?" என்று துருவித் துருவிக் கேட்பவளுக்குக் கணினி அறிவியல் இனிக்கும். "இதை எல்லோருக்கும் எப்படிப் பயன்படச் செய்வது?" என்று சிந்திப்பவளுக்குத் தகவல் தொழில்நுட்பம் பொருந்தும்.

முடிவுரை

விதையின் இயல்பை ஆராய்பவரும் வேண்டும். வயலில் விதைத்து ஊருக்குச் சோறு போடுபவரும் வேண்டும். பெற்றோரே, பக்கத்து வீட்டுப் பிள்ளை எதை எடுத்தாள் என்று பாராமல், உங்கள் மகளின் நாட்டம் எதில் என்று கேட்டறியுங்கள். தோழியரே, பட்டாபிராமின் 21 மாடிகளைக் கண்டு மலைக்க வேண்டாம். எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதை அறிந்து நுழைவோம். இறைவன் அருளிய அறிவைப் பிறர் நலத்துக்குப் பயன்படுத்துவோம்.