சைக்கிளைப் பூட்டினாயா, சும்மா சாவியைத் திருப்பினாயா?

ஆழ்வார்பேட்டையிலிருந்து காலேஜுக்கு சைக்கிள் மிதிக்கிற தம்பி, தங்கச்சி, உங்களுக்குத்தான் சொல்கிறேன். கதீட்ரல் ரோடு ஸ்டெல்லா மாரிஸோ, அடையாறு தாண்டி ஐ.ஐ.டி.யோ, கேட்டில் வாட்ச்மேன் இருக்கிறார் என்று அசட்டையாக இருக்காதே. வெளியே போகிற சைக்கிள் யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பூட்டும்போது

1. பின் சக்கரத்து வளையப் பூட்டை மட்டும் நம்பாதே. சக்கரம் சுற்றாது, அவ்வளவுதான். திருடன் பின்பக்கத்தைத் தூக்கித் தள்ளிக்கொண்டு போய் குட்டியானையில் ஏற்றிவிடுவான்.

2. செயினை பிரேமுக்குள்ளும் சக்கரத்துக்குள்ளும் விட்டு, ஸ்டாண்டின் இரும்புக் கம்பியோடு சேர்த்துப் பூட்டு. மரக்கன்று, ஆடுகிற போர்டுக் கம்பம் எல்லாம் உதவாது.

3. மெல்லிய கேபிள் லாக்கை சின்ன கட்டரே வெட்டிவிடும். யூ லாக் அல்லது தடித்த செயின் வாங்கு. சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பூட்டுக்கு ஒதுக்கு, கஞ்சத்தனம் வேண்டாம். நம்பர் லாக் என்றால் 0000 வைக்காதே, பிறந்த வருஷமும் வைக்காதே.

4. பூட்டு தரையில் கிடக்கக் கூடாது. சுத்தியால் அடிக்கத் திருடனுக்கு வசதியாகிவிடும். சாவித்துளை கீழே பார்த்தபடி இருக்கட்டும். ஐப்பசி மழைத் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்காது.

5. கையால் திருகினாலே கழன்றுவரும் சீட், முன் சக்கரமா? கடையில் கொடுத்து சாதா போல்ட் போட்டுக்கொள்.

6. "ரெண்டு நிமிஷம்தானே அக்கா!" அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் போகும். ஜெராக்ஸ் கடையானாலும் பூட்டு. ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் மாணவர்கள் பைக் வைத்துக்கொள்ள முடியாது, எல்லாருக்கும் சைக்கிள்தான். கிளாஸுக்கு லேட்டான எவனாவது பூட்டாத சைக்கிளை எடுத்து மிதித்து, வேறு டிபார்ட்மென்ட் வாசலில் போட்டுவிட்டுப் போவான்.

7. செமஸ்டர் லீவில் ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போகாதே. தூசி படிந்த சீட்டைப் பார்த்தாலே கேட்க ஆளில்லை என்று தெரிந்துவிடும்.

அடையாளம்

8. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த இலவச சைக்கிளா? அதே மாதிரி ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. "நீலக் கலர் சார்" என்றால் யார் கண்டுபிடிப்பார்கள்? பெடல் பகுதிக்கு அடியிலோ சீட் குழாயிலோ பிரேம் நம்பர் குத்தியிருக்கும், போட்டோ எடு. பேர், போன் நம்பர் எழுதிய சீட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சீட் குழாய்க்குள் போட்டு வை.

9. பில்லைத் தூக்கிப் போடாதே. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் திருடுபோனால், மாஜிஸ்டிரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. உன் சைக்கிளின் மதிப்பைக் காட்ட பில்தான் துணை.

காணோம் என்றால்

10. அழுதுகொண்டு நிற்காதே. முதலில் பக்கத்து ஸ்டாண்டுகளைத் தேடு. அடுத்து செக்யூரிட்டியிடம் போய் கேமரா பதிவைப் பார்க்கச் சொல். நாளாக ஆகப் பழைய பதிவு அழிந்துபோகும். பிறகு ஸ்டேஷனில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கு.

11. அடுத்த சைக்கிளை பில் இல்லாமல் சல்லிசாக வாங்காதே. அது இன்னொரு பிள்ளை தொலைத்ததாக இருக்கும்.

ரோட்டில்

12. சைக்கிள் பத்திரமாக இருந்து நீ விழுந்தால் என்ன பிரயோஜனம்?

- டி.டி.கே. ரோட்டில் மேம்பாலம் ஏறாதே, கீழேயே போ.
- நிற்கிற பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே நுழையாதே. இறங்குகிறவர் உன் மேலேதான் காலை வைப்பார்.
- மெட்ரோ வேலைத் தடுப்பால் ரோடு குறுகினால், யாரையும் முந்தாதே.
- சீத்தம்மாள் காலனியில் மழைத் தண்ணீர் நின்றால் சுற்றிப் போ. அடியில் குழி இருந்தாலும் தெரியாது.
- ஐ.ஐ.டி.க்குள் ஒரு மான் குறுக்கே ஓடினால் உடனே மிதிக்காதே. பின்னாலேயே இன்னொன்று வரும்.
- பின்னால் சிவப்பு லைட், தலையில் ஹெல்மெட். முடி கலைகிறது என்ற பேச்செல்லாம் என்னிடம் வேண்டாம்.

எல்லாவற்றையும் இன்றே செய்ய நேரமில்லையா? சரி, பிரேம் நம்பரை மட்டும் போட்டோ எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. உன் போனும் சேர்ந்து தொலைந்தால் அப்போது உதவும்.