ராதாவுக்கு யாரும் சொல்லித்தராதது

அன்புள்ள மலருக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். 'காமோஷி' என்ற இந்திப் படத்தைப் பார்த்துவிட்டு விடுதியில் எல்லோருமாக அழுதீர்கள் என்றும், அடுத்த மாதம் மனநல வார்டு போஸ்டிங் தொடங்கும்போது அதில் வரும் ராதா சிஸ்டர் மாதிரி இருக்கப்போவதாகவும் போனில் சொன்னாய். போனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. எத்தனையோ படங்களில் நர்ஸ் என்பவள் டாக்டருக்குப் பின்னால் தட்டு ஏந்தி நிற்பவள். அவளுக்கும் ஒரு மனம் உண்டு என்பதையே முழுக் கதையாக எடுத்த படம் இது. அதனால் எனக்கும் அதன்மேல் தீராத பிரியம். ஆனாலும் ராதாவை நீ முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ பார்த்தது அந்தக் கதையின் மூன்றாவது வடிவம். வங்க எழுத்தாளர் ஆசுதோஷ் முகோபாத்யாயின் 'நர்ஸ் மித்ரா' என்ற சிறுகதைதான் மூலம். 1959-ல் அசித் சென் அதை 'தீப் ஜ்வேலே ஜாய்' என்று வங்காள மொழியில் எடுத்தார். நர்ஸாக சுசித்ரா சென். மறு ஆண்டே தெலுங்கில் 'சிவரகு மிகிலேதி' வந்தது. அதில் நம் சாவித்திரி. பத்தாண்டு கழித்து அசித் சென் தானே மறுபடி அந்தக் கதைக்குத் திரும்பி, வஹீதா ரஹ்மானை வைத்து இந்தியில் எடுத்தார். வஹீதா நம் செங்கல்பட்டில் பிறந்தவர். வண்ணப் படங்கள் பெருகிவிட்ட நாளில், கமல் போஸின் ஒளிப்பதிவில் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார்கள். ஹேமந்த் குமார் தாமே தயாரித்து இசையும் அமைத்தார். ராதா முதலில் கவனித்த நோயாளியான தேவ் பாத்திரத்தில் வரும் தர்மேந்திராவைப் பாட்டுக் காட்சியில் பெரும்பாலும் நிழலாகவே காட்டியிருப்பதைக் கவனித்தாயா? போய்விட்ட மனிதன் ராதாவின் நினைவில் எப்படி மிஞ்சியிருக்கிறானோ அப்படியே நமக்கும் காட்டுகிறார்கள்.

கல்கத்தாவில் இப்படி ஒரு கதை பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் 1922-லேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர். ஃப்ராய்டுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். 1940-ல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையும் வந்துவிட்டது. மனநோய்க்குப் பேச்சும் உறவும்கூட மருந்தாகலாம் என்ற எண்ணம் அந்த நகரத்துப் படித்தவர்களிடையே முன்பே புழங்கிவந்தது. கதையில் வரும் சிகிச்சை அந்த எண்ணத்தை எல்லை மீறி இழுத்துக்கொண்டு போகிறது.

அந்தச் சிகிச்சையைக் கொஞ்சம் நிதானமாகப் பார். காதலியால் கைவிடப்பட்டு மனம் பேதலித்தவர்களிடம் ஒரு நர்ஸ் காதலி போலவே பழக வேண்டும். அவர்கள் இழந்த அன்பை அவள் ஈடுகட்ட வேண்டும். குணமானதும் விலகிவிட வேண்டும். அவளுக்குள் மட்டும் ஒன்றும் நடக்கக் கூடாது. தேவ் குணமாகிறான், போய்விடுகிறான். ராதா அந்த வலியில் இருக்கும்போதே தலைமை மருத்துவர் கர்னல் சாப் அடுத்த நோயாளியாக அருணை அவளிடம் ஒப்படைக்க விரும்புகிறார். அவள் முடியாது என்கிறாள். பிறகு ஒப்புக்கொள்கிறாள். அருணும் குணமாகிறான். அவன் இருந்த அதே இருபத்து நான்காம் எண் அறைக்கு ராதா நோயாளியாகப் போகிறாள்.

நீங்கள் அழுதது அந்தக் கடைசிக் காட்சிக்கு. நீ அடுத்த முறை பார்க்கும்போது அவள் முடியாது என்று சொல்லும் இடத்தில் நின்று பார். அவளுக்கு அந்த நேரத்தில் எல்லாம் தெரிந்திருக்கிறது. தன் மனம் எந்த நிலையில் இருக்கிறது, இன்னொரு முறை என்ன ஆகும் என்று அவளைத் தவிர அந்த மருத்துவமனையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் சொல்கிறாள், கேட்க ஆளில்லை. கர்னல் சாப் கெட்டவர் இல்லை. நசீர் உசேன் அவரை அன்பான பெரியவராகத்தான் செய்திருக்கிறார். ஆனால் வெற்றி பெற்ற ஒரு பரிசோதனையை இன்னொரு முறை செய்துபார்க்கும் ஆவல் அவருக்கு. நல்லவர்கள் அன்பாகக் கேட்கும்போதுதான், மலர், மறுப்பது கஷ்டம். வார்டில் உனக்கும் இது வரும். 'உன்னால்தான் அவர் சாப்பிடுகிறார், நீயே போம்மா' என்பார்கள். அதைக் கேட்கப் பெருமையாகவும் இருக்கும்.

நோயாளிக்குத் தன்னைக் கவனிப்பவர்மீது காதல் வருவது புதிய விஷயம் இல்லை. 1915-லேயே ஃப்ராய்டு இதற்கென்று தனிக் கட்டுரை எழுதினார். அந்தக் காதல் சிகிச்சைச் சூழலில் இருந்து பிறப்பது. மருத்துவர் அதைத் தன் அழகுக்கும் குணத்துக்கும் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு இணங்கவும் கூடாது, அதட்டி அடக்கவும் கூடாது. அதை வைத்தே நோயாளி தன்னைப் புரிந்துகொள்ள உதவ வேண்டும் என்றார். கர்னல் சாப் செய்தது இதற்கு நேர் எதிர். காதலைத் தூண்டிவிடுவதையே மருந்தாக்கினார். அருணுக்கும் இது அநீதிதான். ஒருத்தியால் கைவிடப்பட்டு உடைந்தவனிடம், வேலையின் பேரில் இன்னொருத்தியைக் காதல் காட்டச் சொல்வது அவனை ஏமாற்றுவது. அவன் நோயாளி, அவனால் சம்மதம் சொல்ல முடியாது. படம் ராதாவின் பக்கம் நிற்பதால் இந்த அநீதி நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

உங்கள் பாடத்தில் ஹில்டகார்ட் பெப்லாவ் வருவார். அமெரிக்க நர்ஸ், 1952-ல் நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அந்த உறவுக்குத் தொடக்கம், நடு, முடிவு உண்டு என்று பிரித்துக் காட்டினார். நீங்கள் பரீட்சைக்கு ஓரியண்டேஷன், வொர்க்கிங், டெர்மினேஷன் என்று மனப்பாடம் செய்வதற்கெல்லாம் வேர் அங்கேதான். கடைசிக் கட்டத்தை மாணவிகள் அவசரமாக எழுதி முடித்துவிடுவார்கள். வார்டில் அதுதான் மிகக் கடினம். போஸ்டிங்கின் முதல் நாளிலேயே நோயாளியிடம், 'என் பேர் மலர்விழி, நர்ஸிங் படிக்கிறேன், இத்தனை வாரம் இங்கே இருப்பேன், இந்தத் தேதியோடு போய்விடுவேன்' என்று சொல்ல வேண்டும். நடுவில் நினைவூட்ட வேண்டும். கடைசி வாரத்தில் பிரிவைப் பற்றி வாய்விட்டுப் பேச வேண்டும். அவர் கோபப்படலாம், பேச மறுக்கலாம், குணமாகிவந்த அறிகுறிகள் திரும்பி வரலாம். அதற்கெல்லாம் இடம் கொடுத்துவிட்டு, சொன்ன தேதியில் போக வேண்டும். ஏற்கெனவே ஒருவர் சொல்லாமல் விட்டுப்போனதில் நொந்தவருக்கு, சொல்லிவிட்டு முறையாக விடைபெறும் ஒரு ஆளைப் பார்ப்பதே பெரிய சிகிச்சை. ராதாவின் மருத்துவமனையில் இந்தக் கட்டமே இல்லை. தேவிடம் விடைபெற அவளுக்கு வாய்ப்பில்லை, பிறகு அதைப் பற்றி உட்கார்ந்து பேச ஒரு மூத்த சிஸ்டர் இல்லை, ஒரு மாதம் வேறு வார்டுக்குப் போய்வா என்று சொல்லவும் யாருமில்லை. அவள் அளவுக்கு மீறி நேசித்ததால் உடைந்தாள் என்று படம் நம்மை நினைக்க வைக்கிறது. என்னைக் கேட்டால் அவள் தனியாக விடப்பட்டதால் உடைந்தாள்.

அன்பு வரவே கூடாது என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அது வரும். வராதவர்கள் இந்த வார்டுக்கு வேண்டாம். எப்போது அது எல்லை தாண்டுகிறது என்று கண்டுகொள்ளத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரே நோயாளிக்காக டூட்டி மாற்றிக்கொள்ளத் தோன்றும். மற்ற படுக்கைகளில் இருப்பவர்கள் தொந்தரவாகத் தெரிவார்கள். அவருக்கு மட்டும் வீட்டில் இருந்து ஏதாவது கொண்டுபோவாய். அவர் உன்னிடம் சொன்ன ஒன்றை ஹேண்ட்ஓவரில் சொல்லாமல் மறைப்பாய். இந்தக் கடைசி அறிகுறி வந்துவிட்டால் அன்றைக்கே இன்சார்ஜ் சிஸ்டரிடம் போ. வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவரும் ஒரு காலத்தில் அந்த இடத்தில் நின்றவராகத்தான் இருப்பார்.

அருணின் பழைய காதலி சுலேகாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடகி, அவனை விட்டுப் போனவள். அவள்மேல் உனக்குக் கோபம் வந்ததாகச் சொன்னாய். படம் அப்படித்தான் வரவழைக்கிறது. வார்டில் இதே கோபத்தைச் சொந்தக்காரர்கள் வாயில் கேட்பாய். 'எல்லாம் அந்தப் பொண்ணால வந்தது சிஸ்டர்' என்பார் ஒரு அம்மா. அவரிடம் வாதாடாதே, ஆனால் நீ நம்பிவிடாதே. காதல் முறிவு மனிதரை நிலைகுலைய வைக்கும். சிலருக்கு உள்ளே இருக்கும் நோய் வெளிப்பட அது ஒரு தருணமாகலாம். ஆனால் படத்தில் சொல்வது மேனியா. மேனியா என்பது பெரும்பாலும் இருதுருவ நோயின் ஒரு கட்டம். அதற்குப் பரம்பரை, மூளையின் வேதியியல், தூக்கக் கேடு என்று பல வேர்கள். ஒரு பெண் மறுத்ததால் ஒருவனுக்கு நோய் வந்தது என்று ஊர் சொன்னால், அடுத்து எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று சொல்லப் பயப்படுவாள். சுலேகாவுக்கு விலகிப்போக உரிமை உண்டு. அவள் விலகியதும் அவன் நோயும் ஒரே கதையில் வருகின்றன. ஒன்றுக்கு ஒன்று தண்டனை இல்லை.

மருந்து விஷயத்தில் படத்தை நம்பவே வேண்டாம். இந்தக் கதை படமாவதற்கு முன்பே மேனியாவுக்கு லித்தியம் பலன் தருகிறது என்று ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் 1949-ல் எழுதிவிட்டார். 1952-ல் பாரிஸில் குளோர்ப்ரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அன்பால் மட்டுமே குணமானவர்களைத் திரையில் பார்த்து வளர்ந்த குடும்பங்கள், மாத்திரையை நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகின்றன. வந்த மருமகள் சம்பளம் இல்லாத ராதாவாகிவிடுகிறாள். இதை நான் வார்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களின் முகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

கரண்ட் வைப்பது பற்றியும் உனக்குப் பயம் என்றாய். மின்னதிர்வு சிகிச்சை 1938-ல் ரோமில் தொடங்கியது. முதலில் மயக்கம் கொடுக்காமலே செய்தார்கள். அந்தக் காலத்துப் பயம்தான் சினிமாவில் தங்கிவிட்டது. இப்போது மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும், இல்லாமல் செய்யக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. ராதாவை அந்த அறையில் அடைத்த காலத்தில் நடப்பில் இருந்தது 1912-ம் ஆண்டு பைத்தியச் சட்டம். நோயாளிக்கு உரிமை என்று அதில் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். இந்த இரண்டு சட்டங்களுக்கும் இடையிலான தூரத்தைப் போஸ்டிங்குக்கு முன்னால் படித்துவிட்டுப் போ. உன்னிடம் வருபவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வரமாட்டார்கள்.

இன்னொன்று. குணமானவர்கள் நம்மை மறந்துவிடுவார்கள். 'மூன்றாம் பிறை' கடைசியில் கேத்தி ரயில் நிலையத்தில் கமல் என்னென்னவோ செய்து காட்டியும் ஸ்ரீதேவிக்கு அடையாளம் தெரியாமல் போகிறதே, அந்த வலி நம் வேலையில் உண்மை. நான் மாதக்கணக்கில் சோறு ஊட்டிய ஒருவர் பேருந்து நிலையத்தில் மனைவி குழந்தையோடு என்னைக் கடந்து போனார். தெரியாமல் போனாரா, தெரிந்தும் வார்டு நாட்களை நினைக்க விரும்பாமல் போனாரா, தெரியாது. மறுநாள் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். 'அவர் கையில் என்ன இருந்தது?' என்று கேட்டார். காய்கறிப் பை என்றேன். 'அப்போ வீட்டுக்குச் சமைக்க வாங்கிட்டுப் போறார், சரியாத்தான் இருக்கார்' என்று கேஸ் ஷீட்டை எடுத்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார். எனக்கு அன்று அது போதுமானதாக இருந்தது. இப்படிச் சொல்ல ஒரு ஆள் ராதாவுக்கு இருந்திருக்கலாம்.

அருண் அவளுக்காகக் காத்திருப்பதாகச் சொல்வது உங்களுக்கு ஆறுதலாக இருந்ததாம். எனக்கு அது பயம். அவள் வெளியே வந்து அவனையே மறுபடி கவனித்துக்கொள்ளும் பெண்ணாக ஆகிவிடுவாளோ என்று. அவளுக்குத் தேவை ஒரு நல்ல டாக்டர், ஒழுங்கான மருந்து, நீண்ட விடுப்பு, வேலைக்குத் திரும்பி வரும்போது வேறு வார்டு.

முடிந்தால் சுசித்ரா சென் நடித்த வங்காளப் படத்தையும் தேடிப் பார். போஸ்டிங் முடிகிற வாரத்தில் பார்த்தால் இன்னும் நல்லது. அப்போது உனக்குப் படுவது இப்போது பட்டதைவிட வேறாக இருக்கும். உன் வார்டில் மாணவிகள் மனம்விட்டுப் பேச வாரம் ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்று முதல் நாளே கேள். இல்லை என்றால் நீங்கள் நாலு பேர் சேர்ந்து உங்கள் மேடத்திடம் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா